கக்கி

"அக்கா, சாப்ட்டாருக்கா!"

கையெல்லாம் பழச்சாறு. மூக்கு நுனியால் மைக்கை அழுத்திவிட்டு அவள் பேசினாள். செல்போன் எழுதியது.

"மொரிதா தாத்தா சாப்ட்டாரு! அரைப் பழம்!"

மூக்காலேயே அனுப்பினாள்.

ஜப்பானில் ஒரு சிறிய ஊர். அவள் வேலை பார்க்கும் முதியோர் இல்லம். துணி மடிக்கும் அறையில், இடைவேளையில், அவள் நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தாள்.

மொரிதாவுக்குத் தொண்ணூற்றொரு வயது. மூன்று நாளாக வாயைத் திறக்கவில்லை. கஞ்சி திரும்பிப் போனது. சூப் திரும்பிப் போனது. இன்று மதியமும் சாப்பிடாவிட்டால் சாயங்காலம் ஆம்புலன்ஸ். அங்கே மூக்கு வழியாகக் குழாய்.

அதைச் சொன்னபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அக்காவிடமிருந்து பதில் வந்தது. தாத்தாவைப் பற்றி இல்லை.

"ஏட்டி, நான் கேட்டதுக்கு என்ன சொல்லுத? ஆதிராவுக்கு ரெண்டாவது பாஷை என்னன்னு ஸ்கூல் ஃபாரத்துல போடணும். தமிழு, இந்தி, பிரெஞ்சு. தமிழுதான் வீட்லயே பேசுதாளே, அத விடு. சின்னதுலயே எதப் படிச்சிருந்தா நல்லாருந்திருக்கும்? அங்க கெடந்து முழிக்கவ நீதான, நீ சொல்லு. இங்க பத்து மணிக்குள்ள குடுக்கணும்."

நேற்று கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பாள். அழுதுகொண்டே சொல்லியிருப்பாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் இல்லாத ஜப்பான் மொழியை.

இன்று கேட்கிறாள்.

"அக்கா, மொதல்ல இதக் கேளு. தாத்தா சன்னலப் பாத்துக் கைய நீட்டுனாரு. மூணு நாளுல ஒரே ஒரு வார்த்த. காக்கி."

செல்போன் அப்படித்தான் எழுதியது.

"காக்கி இல்ல. காக்கி!"

மறுபடியும் அதே. கையால் அழிக்க முடியாது. மூக்கு தவறிப்போய் அனுப்பியே விட்டது.

"என்னட்டி, போலீசா இருந்தவரா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவர் சொன்னதை இந்தச் செல்போன் மட்டுமா தப்பாகக் கேட்டது?

சற்று முன் அவர் சொன்னபோது அவள் காதில் அது 'கக்கி' என்று விழுந்தது.

எட்டு மாதமாக ஜப்பான்காரர்களுக்கு நடுவில் பழகிய காது. அந்த ஒரு நொடி சங்கரன்கோவிலுக்கு ஓடிவிட்டது. அக்கா மகள் ஆதிரா கைக்குழந்தையாக இருந்தபோது வீடு முழுக்கக் கேட்ட கூப்பாடு அது.

"கக்கிட்டாட்டி! துணி எடு!"

அவள் ஓடினாள். வாந்தி பிடிக்கும் பேசினைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒரு கையால் அவர் நெற்றியைத் தாங்கி, மறு கையால் பேசினை மோவாய்க்குக் கீழே பிடித்து, முதுகைத் தடவ முடியாமல் முழங்கையால் தடவினாள்.

அவர் பேசினைப் பார்த்தார்.

அவளைப் பார்த்தார்.

மறுபடியும் சன்னலுக்குக் கையை நீட்டினார். "கக்கி."

"கக்குங்க தாத்தா, கக்குங்க," என்றாள். தமிழில்.

மொரிதாவின் தோள் குலுங்கியது. வாந்திதான் என்று நினைத்தாள். பேசினை இன்னும் நெருக்கிப் பிடித்தாள்.

சிரிப்பு.

பல் இல்லாத, சத்தம் இல்லாத, நிற்காத சிரிப்பு.

மூத்த நர்ஸ் சாத்தோ ஓடிவந்தார். மொரிதா நீட்டிய விரலைத் தொடர்ந்து சன்னலுக்கு வெளியே பார்த்தார்.

இலை எல்லாம் உதிர்ந்த ஒரு மரம். கிளை முழுக்க ஆரஞ்சு நிறப் பழம்.

நடுவில் அழுத்தாமல் சொன்னால், அந்தப் பழத்துக்கு அந்த ஊரில் அதுதான் பெயர். அவள் நோட்டில் எழுதி, மனப்பாடம் செய்து, தேர்வில் சரியாகப் போட்டிருந்த சொல்.

கூழாய்ப் பழுத்த ஒன்றைச் சாத்தோ பறித்துக் கொடுத்தார். அவள் தோலை உரித்து, மசித்து, கரண்டியில் எடுத்தாள்.

சிரித்ததில் வாய் ஏற்கெனவே திறந்திருந்தது.

ஒரு கரண்டி. விழுங்கினார். இரண்டு. ஏழாவது கரண்டியில் சாத்தோ வெளியே போய்ப் போன் பேசினார். ஆம்புலன்ஸ் வேண்டாம்.

செல்போன் மறுபடி அதிர்ந்தது.

"ஏட்டி, மணி பத்தாகப் போவுது. இந்தி போடவா, பிரெஞ்சு போடவா?"

அவள் கையைக் கழுவினாள். செல்போனை எடுத்துக்கொண்டு மொரிதாவின் அறைக்கு ஓடினாள்.

அவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மீதிப் பழம் தட்டில். பக்கத்தில் அந்தப் பேசின். எடுக்கவிடவில்லை என்றார் சாத்தோ. எதற்கு இதைக் கொண்டுவந்தாள் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறாராம்.

அவள் நடித்துக் காட்டினாள். வயிற்றைப் பிடித்தாள். நாக்கை நீட்டினாள். பேசினுக்குமேல் குனிந்தாள்.

"கக்கி," என்றாள். "எங்க ஊர்ல."

அவர் யோசித்தார்.

பழத்தைத் தொட்டார். அவர் ஊர்ச் சொல்லைச் சொன்னார்.

பிறகு பேசினைத் தொட்டார். உதடு மெல்ல அசைந்தது. நடுவில் ஒரு நொடி நிறுத்தி, அழுத்தி, சொல்லிப் பார்த்தார்.

சரியாக வந்தது.

பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடப்பட்டதுபோல அவளை நிமிர்ந்து பார்த்தார். இன்னொரு முறை சொன்னார். இன்னும் சத்தமாக.

அவள் மைக்கை அழுத்தினாள்.

"அக்கா, எதப் படிக்கணும்னு கேட்டேல்லா. இந்தா, இவரு சொல்லுதாரு."

செல்போனை அவர் வாயருகே பிடித்தாள். விரலால் பேசினைக் காட்டினாள்.

செல்போன் எழுதியது. 'கக்கி'. தமிழில், மூன்றே எழுத்து. ஒரு பிழை இல்லை.

ஊரில் மணி பத்தாக இரண்டு நிமிடம் இருந்தது.

அனுப்பினாள்.