இன்ஸ்பெக்டருக்கு ஒரு தோலுறை

துப்பாக்கி உறை இருக்கிறதா என்று பர்னபாஸ் கேட்டதும் உஸாமா முதலில் வாசலைத்தான் பார்த்தார்.

லான்மடாவில் பெல்ட்டும் செருப்பும் விற்கிறவர் அவர். யாங்கோனில் இப்போதெல்லாம் அந்தப் பொருளின் பெயரைச் சத்தமாகச் சொல்லவே யாருக்கும் தைரியமில்லை.

"பயப்படாதீங்க பாய். யொஷினுக்குத்தான், சினிமாவுக்கு. நான் இன்ஸ்பெக்டரா நடிக்கிறேன்."

உஸாமாவுக்கு மூச்சு வந்தது. உள்ளே போய் மூன்று உறைகளைத் தூசி தட்டி எடுத்துவந்தார். எப்போதோ ஒரு செக்யூரிட்டி கம்பெனிக்காகத் தைத்ததில் மிஞ்சியவை.

பர்னபாஸ் சட்டைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். படக்குழு வைத்திருக்கும் சின்னக் கைத்துப்பாக்கியைச் சுற்றிக் கோடு போட்டு, அதே அளவில் வெட்டியது. பொம்மைதான் என்றாலும், அதைத் தின்கன்ஜூனிலிருந்து பஸ்ஸில் கொண்டுவர அவர் மனைவி செலின் சம்மதிக்கவில்லை.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்து முந்தைய நாள் பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தாள்.

அட்டைத் துப்பாக்கி முதல் உறைக்குள் விழுந்து காணாமல் போனது. இரண்டாவதில் பாதியில் சிக்கியது. மூன்றாவது காப்பி நிறத் தோல், பித்தளைப் பொத்தான். அளவெடுத்துத் தைத்ததுபோல் பிடித்துக்கொண்டது.

மாட்டிப் பார்க்கலாம் என்றால் பர்னபாஸ் லுங்கிபோல் சுற்றிக்கட்டும் லோஞ்சியில் வந்திருந்தார். உஸாமா ஒரு பெல்ட்டை எடுத்து லோஞ்சியின் மேலேயே இறுக்கிவிட்டார்.

பர்னபாஸ் கண்ணாடி முன் நிமிர்ந்து நின்றார்.

பதினெட்டு வருடமாகப் படங்களில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்கிறவர். கல்யாணப் பந்தியில் சாப்பிட்டிருக்கிறார், ஆஸ்பத்திரி வரிசையில் இருமியிருக்கிறார். கூரியர் ஆபீஸில் லீவு போட்டுவிட்டுப் போய், தன் தோள் மட்டும் தெரிகிற படங்களைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். இந்தத் தடவைதான் கேமரா அவர் ஒருவருக்காக நிற்கப்போகிறது. இடுப்பில் ஆரம்பித்து முகம்வரை மெதுவாக ஏறும் என்று டைரக்டரே சொல்லியிருந்தார். சீருடை அவர்கள் தருவது. உறை மட்டும் பிளாஸ்டிக். அதைத்தான் அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

வலது பக்கம் வைத்தார். கொஞ்சம் பின்னால் தள்ளினார். பொத்தானை விடுவித்து, சட்டென்று உருவினார். துப்பாக்கி மடங்கிவிட்டது.

"வலதுதான் அண்ணே சரி. எடுக்கத் தோதா இருக்கும்," என்றார் உஸாமா.

செலின் விசிறுவதை நிறுத்தினாள். "ஏங்க, எந்தப் பக்கமா விழச் சொன்னாங்க?"

பர்னபாஸ் ஒரு கணம் யோசித்தார். பிறகு செருப்பு அடுக்குகளுக்கு நடுவே, வலது கை உடம்புக்கடியில் மாட்டிக்கொள்ள, ஒருக்களித்துப் படுத்தார். கண்களை மூடவில்லை. வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டார்.

உஸாமா பதறிப்போனார். படம் ஆரம்பிக்கும்போதே இன்ஸ்பெக்டர் செத்துப் பத்து நிமிடம் ஆகியிருக்கும் என்று செலின் அவருக்கு விளக்கினாள்.

உறை இடுப்புக்கடியில் நசுங்கிக் கிடந்தது. ஒரு நூல்கூட வெளியே தெரியவில்லை.

"இடது பக்கம் மாத்திடுங்க பாய்."

"அப்புறம் எப்படிக்கா எடுப்பாரு?"

"செத்தவரு எதுக்கு எடுக்கணும்?"

அதுவும் சரிதான் என்று பட்டது உஸாமாவுக்கு. மண்டியிட்டு, உறையைக் கழற்றி, மேலே தெரிந்த இடது இடுப்பில் மாட்டினார். பித்தளைப் பொத்தானைத் தன் சட்டை நுனியால் துடைத்தும் விட்டார்.

செலின் தரையில் உட்கார்ந்தாள். இரண்டு கைகளின் விரல்களையும் சேர்த்துச் சதுரமாக்கி, அதற்குள்ளே ஒரு கண்ணால் பார்த்தபடி, இடுப்பிலிருந்து மெதுவாக மேலே நகர்த்தினாள்.

"வயிறு அசையுது," என்றாள்.

பர்னபாஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அவள் திரும்பவும் இடுப்பிலிருந்து ஆரம்பித்தாள்.

சதுரம் முகத்துக்கு வந்து நின்றபோது, இன்ஸ்பெக்டரால் சிரிப்பை அடக்க முடியவில்லை.