பட்டியலில் முதல் பெயர்

"மாட்டிக்கிட்டாங்க சார்! வசமா மாட்டிக்கிட்டாங்க!"

மூச்சு இரைக்க ஜி.எம். அறைக்குள் ஓடி வந்தார் சிஸ்டம் இன்ஜினியர். லிஃப்ட் வரும்வரை நிற்கப் பொறுமை இல்லாமல் மூன்று மாடி படியேறி வந்திருந்தார்.

ஐந்து மாடி ஆபீஸ். நாற்பத்தேழு பிரிண்டர். எல்லாவற்றையும் ஒரே திரையில் கண்காணிக்கும் ஏற்பாட்டை அவர் போட்டு இன்றோடு ஒரு மாதம். எதில் மை தீர்கிறது, எதில் பேப்பர் சிக்கிக்கொண்டது, யார் எத்தனை பக்கம் எடுத்தார்கள் என்று உட்கார்ந்த இடத்திலேயே சொல்லிவிடுவார்.

போட்ட அன்றே ஜி.எம். அறிவித்துவிட்டார்.

"ஒரு மாசம் பார்ப்பேன். யார் அதிகமா பேப்பரை வீணாக்குறாங்களோ, அவங்க பேரை மீட்டிங்ல நானே வாசிப்பேன். அன்னிக்கே குடோனுக்கு மாத்தல்!"

குடோன் ஊருக்கு வெளியே இருக்கிறது. போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். அந்தப் பயத்திலேயே பாதிப் பேர் பிரிண்டர் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. மீட்டிங் இன்றைக்குப் பதினொரு மணிக்கு.

"யாருப்பா அது?" ஜி.எம். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இன்ஜினியர் குரலைத் தாழ்த்தினார். "வெளியில உட்கார்ந்திருக்காங்களே, உங்க செகரட்டரி அம்மா."

"சும்மா உளறாதே. அவங்க பழைய பேப்பரோட பின்பக்கத்துல குறிப்பெழுதுறவங்கப்பா."

"எல்லாம் வேஷம் சார்! ஃபேனை அணை, லைட்டை அணைன்னு மத்தவங்களை விரட்டுறதோட சரி. எந்தக் கடிதமா இருந்தாலும் ரெண்டு தடவை எடுக்குறாங்க. முதல்ல ரெண்டு பக்கம். அஞ்சு நிமிஷம் கழிச்சு அதே ஃபைல், ஒன்பது பக்கம்! ஒரு நாள் தவறல சார்."

"ரெண்டு பக்கக் கடிதம் எப்படிப்பா ஒன்பது பக்கமாகும்?"

"உள்ளே என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது, எத்தனை பக்கம்னுதான் தெரியும். பிள்ளைங்க நோட்ஸைச் சேர்த்து எடுப்பாங்க, வேற என்ன?"

ஜி.எம்.மின் முகம் சிவந்துவிட்டது. பன்னிரண்டு வருடமாக நம்பிய ஆள்!

"எனக்கு அம்பத்தெட்டு வயசு. இன்னைக்கு வரைக்கும் கண்ணாடி போட்டதில்ல. அவங்க கொண்டுவந்து வைக்கிற ஒவ்வொரு காகிதத்தையும் ஒரு வரி விடாம படிக்கிறேன். என் கண்ணுலயே மண்ணைத் தூவிட்டாங்களே!"

"அறிக்கை தானா உங்க மெயிலுக்கு வந்துடும் சார். மேடையில வாசிக்கிற காப்பியை நானே எடுத்துட்டு வர்றேன். அவங்க கைக்குப் போகவே வேணாம்."

ஜி.எம்.முக்கு வரும் மெயிலை முதலில் திறப்பது யார் என்பதை, அந்தப் பரபரப்பில் இரண்டு பேருமே மறந்துபோனார்கள்.

பதினொரு மணிக்கு மீட்டிங் ஹாலில் உட்கார இடமில்லை. சுவரில் பெரிய திரை, அதில் பிரிண்டருக்கு ஒன்றாக நாற்பத்தேழு பச்சைப் புள்ளிகள். யார் தலை உருளப்போகிறதோ என்று எல்லோருக்கும் திக் திக்.

ஜி.எம். மைக்கைப் பிடித்த நேரம் பார்த்து, செகரட்டரி அம்மாவின் பிரிண்டர் புள்ளி சிவந்தது.

"சார்!" இன்ஜினியர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "இப்பக்கூட சார்! நீங்க வாசிக்கப்போற பட்டியலையே எடுக்குறாங்க! ஒரு பக்கப் பட்டியல், ஏழு பக்கம் ஓடுது!"

ஹால் முழுக்க ஒரே சலசலப்பு. துணிச்சலைப் பாருங்களேன்!

இன்ஜினியர் கொடுத்திருந்த தாளை ஜி.எம். கோபமாகப் பிரித்தார். "முதல் இடம்..."

நிறுத்தினார்.

தாளைக் கிட்டே கொண்டுவந்தார். எட்டத் தள்ளிப் பிடித்தார். ஜன்னல் பக்கம் திருப்பினார். எறும்பு ஊர்வதுபோல ஏதோ தெரிந்தது, எழுத்து தெரியவில்லை.

"லைட்டைப் போடுங்கப்பா."

"போட்டுத்தான் சார் இருக்கு."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஜி.எம்.முக்கு வியர்த்துவிட்டது. இத்தனை பேர் முன்னால் அவர் இப்படி நின்றதே இல்லை.

கதவு திறந்தது. செகரட்டரி அம்மா ஓட்டமும் நடையுமாக வந்தார். யாரையும் பார்க்கவில்லை. நேரே மேடையேறி, அவர் கையிலிருந்த தாளை வாங்கிக்கொண்டு, தன் கையிலிருந்த ஏழு தாள்களை வைத்தார்.

"மன்னிச்சுக்கோங்க சார், மெயிலை இப்பத்தான் பார்த்தேன். இதைப் பார்த்து வாசிங்க," என்றார், மைக்கில் விழாத குரலில்.

ஒவ்வொரு எழுத்தும் சுண்டுவிரல் நகம் அகலம். பளிச்சென்று தெரிந்தது. 'முதல் இடம்: செகரட்டரி, ஜி.எம். அலுவலகம்.'

ஜி.எம். அந்தச் சின்ன எழுத்துத் தாளைத் திரும்பக் கேட்டு வாங்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தன் மேஜைக்கு வந்த கடிதங்கள் எல்லாம் நினைவுக்கு வந்தன. வருடத்துக்கு வருடம் எழுத்து கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்திருக்கிறது. அவர்தான் கவனிக்கவே இல்லை.

இன்ஜினியரும் மேடைப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தார். "ஒன்பது பக்கம்..." என்று முனகிவிட்டு மெல்ல உட்கார்ந்தார்.

"வாசிங்க சார். எல்லாரும் காத்திருக்காங்க," என்றார் செகரட்டரி அம்மா. முதல் வரியில் விரலை வைத்துக் காட்டினார்.

ஜி.எம். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நம்ம ஆபீஸ்ல அதிகமா பேப்பர் செலவாகுறது யாராலன்னு கண்டுபிடிச்சாச்சு. முதல் இடம்..." ஏழு தாள்களையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "நான்தான்."