மூன்று முறை கூப்பிட்டும்

“அந்த மாஸ்க்க மொதல்ல எறக்குங்கம்மா. மூஞ்சியக் காட்டிப் பேசுற ஆளுங்களத்தான் நான் நம்புவேன்” என்றார் அங்கமுத்து.

ஒரு வாரமாக ஊரே புகைமூட்டத்தில் இருமிக்கொண்டிருந்தது. தொழில் நீதிமன்றத்தின் நடைவழியில் காவலாளி முதல் குமாஸ்தா வரை எல்லோரும் முகக்கவசம் போட்டிருந்தார்கள். வழக்கறிஞர் லோஷினி எரிச்சலோடு தன்னுடையதை மோவாய்க்கு இறக்கினாள்.

“நம்பிக்கையப் பத்தி நீங்க பேசாதீங்க அங்கிள். போன மாசம் என்ன நடந்திச்சின்னு இப்பவாச்சும் சொல்லுங்க. வக்கீல் இல்லாம தனியா வந்தீங்க, சரி. இதோ, இதே பெஞ்சுலதானே உக்காந்திருந்தீங்க? பேரக் கூப்பிட்டப்ப ஏன் எந்திரிக்கல?”

“கவனிக்கலம்மா. அவ்வளவுதான்.”

“கவனிக்கலயா? இத உள்ள போய் நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு சொல்றது? கம்பெனிக்காரங்க ஏதாச்சும் ஆசை காட்டி உங்கள உக்கார வச்சிட்டாங்களா?”

அங்கமுத்துவின் தாடை இறுகியது. “இருபத்தாறு வருசம் ஆணி ஃபேக்டரில ஒழச்சவன் நான். எனக்கு அந்த வேல திரும்ப வேணும். வேற ஒண்ணும் வேணாம். அந்த வேலயக் கெடுக்குற மாதிரி ஒரு வார்த்தை என் வாயிலேர்ந்து வராது. நீங்களும் நோண்டாதீங்க.”

மனிதர் எதையோ மறைக்கிறார் என்று லோஷினிக்குத் தெளிவாகத் தெரிந்தது. கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. முகக்கவசத்தை ஏற்றிக்கொண்டு, இந்தத் தடவையாவது ஆள் உள்ளே வந்து சேரட்டும் என்று அவர் கையைப் பிடித்தே கூட்டிப்போய்த் தன் பின்னால் இருந்த நாற்காலியில் உட்காரவைத்தாள்.

அழைத்தும் வரவில்லை என்று அவருடைய வழக்கைப் போன மாதம் தள்ளுபடி செய்திருந்தார்கள். அந்த உத்தரவை மறுபரிசீலனை செய்யுங்கள் என்றுதான் இன்றைய மனு. இதுவும் போனால் அவர் ஆணித் தொழிற்சாலை வாசலை மறந்துவிட வேண்டியதுதான்.

கம்பெனி வழக்கறிஞர் தியோ எழுந்தார். ஜெயித்துவிட்ட களை அவருடைய நடையிலேயே இருந்தது.

“யாங் ஆரிஃப், இது வராத ஆளோட கேஸ் இல்ல. வந்து சொகமா உக்காந்திருந்த ஆளோட கேஸ்” என்றார் நீதிபதியிடம்.

அவர் நீட்டிய மடிக்கணினியை நீதிபதி ரொஹானா தன் பக்கம் திருப்பிக்கொண்டார். நடைவழிக் கேமராவின் பதிவு அதில் ஓடியது. ஊழியர் கதவைத் திறந்து, பெஞ்சுக்கு ஐந்தடி பின்னால் நின்று, மூன்று முறை பெயரைக் கூப்பிட்டார். அங்கமுத்து அலட்டிக்கொள்ளாமல் மடியில் இருந்த பொட்டலத்தைப் பிரித்து, பொரித்த வாழைப்பழமான பீசாங் கோரெங்கில் ஒரு துண்டை எடுத்துக் கடித்தார்.

“இவர வேலய விட்டுத் தூக்கினதும் இந்தத் திமிருக்குத்தான்” என்றார் தியோ. “மெஷின நிறுத்துன்னு சூப்பர்வைசர் பின்னாடி நின்னு மூணு தடவ கத்தியிருக்காரு. இவரு திரும்பிக்கூடப் பாக்கல. ஒரு சுருள் கம்பி மொத்தமும் பாழ்.”

லோஷினி துள்ளி எழுந்தாள். “நாலு மெஷின் ஓடுற எடத்துல யார் கத்தினாலும் காதுல விழாது, யாங் ஆரிஃப்!”

“சரி லா, ஒத்துக்கிறேன். இந்த நடைவழில எந்த மெஷின் ஓடிச்சி?” என்றார் தியோ.

குமாஸ்தா சிரிப்பை அடக்கிக்கொண்டார். அந்தப் பீசாங் கோரெங்கை நினைக்க நினைக்க லோஷினிக்கே அங்கமுத்துமேல் ஆத்திரமாக வந்தது.

நீதிபதி கோப்பைத் திறந்து பேனாவை எடுத்தார். “போதும் மிஸ் லோஷினி. நீங்க அவருக்காகப் பேசினது போதும், அவரே சொல்லட்டும். நியாயமான காரணம் ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் என் உத்தரவ நானே மாத்துறேன். இல்லன்னா இன்னியோட முடிஞ்சது.” கோப்பிலிருந்து தலை நிமிராமலே கூப்பிட்டார். “என்சிக் அங்கமுத்து.”

பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்கவில்லை.

“என்சிக் அங்கமுத்து!”

அங்கமுத்து சுவரில் இருந்த மாமன்னரின் படத்தைப் பார்த்துக்கொண்டு, கைகளைக் கட்டியபடி உட்கார்ந்திருந்தார். குமாஸ்தாவின் விரல்கள் தட்டச்சுப் பலகையில் நின்றுவிட்டன.

மூன்றாவது முறை நீதிபதியின் குரல் கண்ணாடிக் கதவுவரை போய்த் திரும்பியது. “என்சிக் அங்கமுத்து!”

தியோ இரண்டு கைகளையும் விரித்தார். “பாத்தீங்களா? உங்களுக்கே இந்த மரியாததான், யாங் ஆரிஃப்.”

பேனா காகிதத்தைத் தொட்டது.

நன்றாகக் கேட்டுவிடுவது என்று லோஷினி விருட்டென்று திரும்பினாள். அப்போதுதான் எல்லோரும் தன்னையே பார்ப்பது அங்கமுத்துவின் கண்ணில் பட்டது. பதறிப்போய் எழுந்தார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு முகக்கவசமாக மாறி மாறிப் பார்த்தார். பிறகு லோஷினியின் பக்கம் குனிந்து, ரகசியம் என்று நினைத்துக்கொண்டு, அறை முழுக்கக் கேட்கும்படி கேட்டார்.

“ஏம்மா… யாராச்சும் என்னையக் கூப்பிட்டாங்களா?”