பிறைக் கீறல்

தகரக்கூரையில் மதிய மழை கொட்டுகிறது. இந்த ஆட்டத்துக்குப் பந்தயமாக வைத்த செங்குதிரை வாசலில் நனைகிறது. ட்ரூக்கோ சீட்டாட்டத்தில் எல்லாவற்றையும் வெட்டுவது வாள் ஆஸ் என்ற சீட்டு. அதன் முதுகில் நிக்கானோர் காலையில்தான் நகத்தால் பிறை போலக் கீறிவைத்தான். அந்தப் பிறை இப்போது மைத்துனன் அனிசெத்தோவின் கையில் இருக்கிறது. ஆனால் எதிரே, ஜோடியாக ஆடும் மனைவி எர்மெலிந்தா புருவங்களை உயர்த்துகிறாள். வாள் ஆஸ் தன்னிடம் என்று ஜோடிக்குக் காட்டும், ஊரே ஒப்பிய சைகை அது. அதில் அவள் பொய் சொன்னதே இல்லை. நகத்தை நம்புவதா, அவளை நம்புவதா? வாய்விட்டுக் கேட்கவும் முடியாது. "ட்ரூக்கோ!" என்று புள்ளியை ஏற்றிச் சவால் விட்டு அனிசெத்தோ மேசையைத் தட்டுகிறான். "என்ன மாப்ள, பேயறைஞ்ச மாதிரி முழிக்கிறீங்க?" எர்மெலிந்தா எரிச்சலாகிறாள். "என் மூஞ்சியப் பாருங்க! எங்கண்ணன் சீட்டு முதுகுல அப்படி என்ன இருக்கு?" அனிசெத்தோ பிறையுள்ள சீட்டைத் தன் பக்கம் திருப்பி முதுகைப் பார்க்கிறான். நிக்கானோருக்குத் தெரிவதோ கிண்ணம் நாலு, சீட்டுக்கட்டிலேயே ஒன்றுக்கும் உதவாத சீட்டு. காலை அவசரத்தில் அவன் நகம் கீறியது இதன் முதுகைத்தான்.