டேப் போட்ட சதுரம்

மிலான் கலைக்கூடத்தின் உயர்ந்த ஜன்னல் வழியாக மாலை வெயில் சாய்ந்து, தரையில் வெள்ளை டேப் ஒட்டிய சதுரத்துக்குள் விழுகிறது. உள்ளே ஒன்றுமே இல்லை. சிற்பி ருஜ்ஜேரோ இன்று திறந்துவைத்திருக்கும் சிலை அந்த வெறுமைதான், பெயர் 'மூச்சு'. எர்சிலியாவோடு ஒரே பட்டறையில் கல் கொத்தியவன், காது செதுக்க வராமல் எல்லாச் சிலைக்கும் முக்காடு போட்டவன். கூட்டம் சதுரத்தின் ஓரமாகவே சுற்றி வருகிறது. ஒரு செருப்பு நுனிகூட உள்ளே படவில்லை. மூலையில் எர்சிலியா செதுக்கிய பளிங்குப் பெண் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு குளிர்காலம் இழைத்த அந்த முதுகின் மேல் யாரோ காலி ஒயின் கோப்பையை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், பக்கத்தில் ஓர் ஆலிவ் கொட்டை. எர்சிலியாவுக்கு வயிறு எரிகிறது. அவன் புகழ்கூட வேண்டாம், அந்தக் கால்கள் காட்டுகிற மரியாதைதான் வேண்டும். "என்னடி, பிடிக்கலையா?" ருஜ்ஜேரோ சிரித்தபடி வருகிறான். அவன் நகங்களில் இப்போது தூசியே இல்லை. "பாக்க ஏதாவது இருந்தாத்தானே பிடிக்குதா இல்லையான்னு சொல்ல?" "அப்போ உள்ள போய் நில்லேன். ஒண்ணும் இல்லைன்னா எதுல இடிச்சுக்கப் போற?" அவள் தன் கையிலிருக்கும் கோப்பை ஒயினை ஒரே மடக்கில் குடித்துவிட்டுச் சதுரத்தை நோக்கி நேரே நடக்கிறாள். கூட்டம் திரும்பிப் பார்க்கிறது. டேப்பின் விளிம்பில் தூக்கிய கால் ஒரு கணம் அப்படியே நிற்கிறது. பிறகு உள்ளே கிடக்கும் வெயிலை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போகிறது. மூலைக்கு வந்ததும் கையிலிருக்கும் காலிக் கோப்பையை எங்கே வைப்பதென்று பார்க்கிறாள். கை தானாகவே அதைப் பளிங்கு முதுகின் மேல் வைக்கிறது.