மஞ்சள் வால்

அலபாமாவில் எங்கள் ஏரிக்கு இப்போதுதான் பொழுது விடிகிறது. மழையில் தண்ணீர் கலங்கிக் கிடப்பதால், பாஸ் மீனின் கண்ணில் படட்டும் என்று நேற்று தூண்டிலில் மாட்டும் ரப்பர் புழுக்களின் வால்நுனியை மஞ்சள் சாயத்தில் முக்கினோம். இரைப்பெட்டியை மூடாமல் படகிலேயே விட்டுப் போனது என் புத்தி. என் கூட்டாளி வெர்லன் தூண்டில் நரம்பைப் பல்லில் கடித்தபடி, என்னைப் பார்த்துக்கொண்டே பெட்டிக்குள் துழாவுகிறான். புழுக் குவியலில் ஒரு மஞ்சள் வால் மட்டும் மெல்ல நெளிகிறது. "வெர்லன், கையை அசைக்காத. உள்ள தண்ணி விரியன் குட்டி கெடக்கு. அதுக்கும் வால் மஞ்சள்தான்." "போன வாரம் ஒரு பாஸ் உன் படகை ஜார்ஜியா வரைக்கும் இழுத்துட்டுப் போச்சுன்ன. இன்னைக்குப் பாம்பா? எந்தப் புழு வேணும்னு சொல்லுடா, கிழட்டுப் புளுகா." அவன் சுண்டுவிரலுக்கும் அந்த வாலுக்கும் ஓர் அங்குலம் இருக்கிறது. படகின் அடியில் தண்ணீர் தட்டிக்கொண்டே இருக்கிறது. ஐம்பது வருடமாக முகத்தில் ஒரு சுருக்கமும் அசையாமல் புளுகி வருபவன் நான். புளுகும்போது நான் ஒருநாளும் சிரித்ததில்லை, அது அவனுக்குத் தெரியும். இப்போது பயத்தில் என் வாய் கோணிக்கொண்டு சிரிப்பு தானாக வருகிறது, அடக்க முடியவில்லை. வெர்லன் என் வாயையே பார்க்கிறான். அவன் கை மரக்கட்டையாக நின்றுவிடுகிறது.