பதினாறு கம்பிகள்

அடுகோடி இரும்புப் பட்டறையின் மாடி அறையில், வரைபடம் போடும் நிருபமாவின் கணினித் திரையைச் சாய்ந்த வெயில் வெளுக்கிறது. ஐந்தாம் மாடி பால்கனிக்கான கம்பிச் சட்டம் மறுபடி அளவெடுத்ததில் இரண்டடி நீண்டுவிட்டது. கம்பிகள் மட்டும் அதே பதினாறு. "இருபத்திரண்டு போடலாம் சார். இந்த இடைவெளில கொழந்த பூந்துடும்." முதலாளி தேசிகன் போனிலிருந்து நிமிராமல் சொல்கிறார்: "பதினாறு வெட்டி வெச்சாச்சும்மா. சும்னே தலைய ஒடச்சிக்காத, பரப்பி விடு." அந்த வீட்டார் அனுப்பிய பால்கனிப் படத்தில் மூலையில் ஒரு மூன்று சக்கர சைக்கிள் நிற்கிறது. அவள் படத்தை மூடிவிட்டு, இடைவெளிக்கான கட்டத்தில் புது எண்ணைத் தட்டுகிறாள். திரையில் முதல் கம்பி அசையாமல் நிற்க, மற்றவை ஒன்றன்பின் ஒன்றாக, அத்தனை அழகாக, விலகிப் போகின்றன. கீழே வெல்டிங் பொறி சீறுகிறது. "சரிபார்த்தவர்னு கீழ ஒரு கட்டம் இருக்கில்ல? அதுல உன் பேரப் போட்டுடு," என்கிறார். ஓர் எழுத்தும் பிசகாமல் அவள் அடிக்கிறாள்.